லினக்ஸில் ‘எஃப்எஸ்சிகே’ ஓட்டப் போறீங்களா? ‘ஒய்’ அழுத்தும் முன் இதைப் படியுங்கள்

லேப்டாப்பை ஆன் செய்கிறீர்கள். வழக்கமான லாக்-இன் திரை வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் சில வரிகள் மட்டும். ‘எதிர்பாராத முரண்பாடு, எஃப்எஸ்சிகே-வை நீங்களே இயக்குங்கள்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி. கீழே கர்சர் மின்னிக்கொண்டே இருக்கிறது.

உபுண்டு, டெபியன், மின்ட் என எந்த லினக்ஸைப் பயன்படுத்துபவராக இருந்தாலும், என்றாவது ஒருநாள் இந்தத் திரையைப் பார்க்க வேண்டி வரலாம். அப்போது பலரும் செய்வது ஒன்றுதான். மொபைலில் தேடி, முதலில் கிடைக்கும் கமாண்டை அப்படியே டைப் செய்துவிட்டு, கேட்கிற கேள்விக்கெல்லாம் ‘ஒய்’, ‘ஒய்’ என்று தட்டிக்கொண்டே போவது.

பல நேரம் லேப்டாப் பிழைத்துவிடும். ஆனால் சில நேரம், மிச்சமிருந்த ஃபைல்களுக்கும் அந்த ‘ஒய்’யே வினையாகிவிடும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? எஃப்எஸ்சிகே எதைச் சரிசெய்கிறது, எதைச் சரிசெய்வதே இல்லை என்பது புரிந்தால் விடை கிடைத்துவிடும்.

ஃபைல் சிஸ்டம் என்பது என்ன?

ஹார்டு டிஸ்க்கை ஓர் ஊரின் நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் போட்டோ, ஆபீஸ் டாக்குமென்ட், புராஜெக்ட் கோட் எல்லாம் அந்த நிலத்தில் கட்டப்பட்ட வீடுகள். எந்த வீடு எந்த சர்வே நம்பரில் இருக்கிறது, யார் பெயரில் பட்டா, எந்த மனை காலியாகக் கிடக்கிறது என்ற கணக்கு முழுவதும் தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் இருக்கும். அந்தப் பதிவேடுதான் ஃபைல் சிஸ்டம்.

லினக்ஸில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ‘ஐநோடு’ என்ற ஒரு பதிவு உண்டு. ஃபைலின் அளவு, உரிமையாளர், கடைசியாக மாற்றிய நேரம், டிஸ்க்கில் எந்தெந்த ‘பிளாக்’குகளில் இருக்கிறது என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். ஃபைலின் பெயர் மட்டும் அங்கே இருக்காது. அது ஃபோல்டரில், ‘இந்தப் பெயருக்கு இந்த ஐநோடு நம்பர்’ என்று எழுதப்பட்டிருக்கும். இவை அனைத்துக்கும் மேலே, மொத்த ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரங்களை வைத்திருப்பது ‘சூப்பர்பிளாக்’.

எஃப்எஸ்சிகே என்பது ‘ஃபைல் சிஸ்டம் செக்’ என்பதன் சுருக்கம். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. அது சோதிப்பது பதிவேட்டை. வீட்டுக்குள் போய்ப் பார்ப்பது அதன் வேலை இல்லை.

பதிவேடு ஏன் குழம்புகிறது?

முதல் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கரண்ட் கட். ஒரு ஃபைலை சேவ் செய்யும்போது டிஸ்க்கில் பல இடங்களில் எழுத வேண்டும். ஐநோடு மாற வேண்டும், ஃபோல்டர் மாற வேண்டும், காலி இடங்களின் பட்டியலும் மாற வேண்டும். பாதி எழுதும்போது கரண்ட் போச்சுன்னா, ஒரு பக்கம் ‘இந்த இடம் காலி’ என்றும் இன்னொரு பக்கம் ‘இந்த இடத்தில் ஃபைல் இருக்கிறது’ என்றும் பதிவாகி நிற்கும்.

இரண்டாவது, பென் டிரைவை அப்படியே உருவுவது. லினக்ஸ் எழுத வேண்டியதை முதலில் ரேமில் வைத்துக்கொண்டு, பிறகு மெதுவாக டிஸ்க்குக்கு அனுப்பும். திரையில் ‘காப்பி முடிந்தது’ என்று வந்தாலும் உள்ளே எழுதும் வேலை ஓடிக்கொண்டிருக்கலாம். ‘எஜெக்ட்’ செய்துவிட்டு எடுக்கச் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது காரணம்தான் ஆபத்தானது. டிஸ்க்கே பழுதாகத் தொடங்குவது, லூஸான கேபிள், கெட்டுப்போன ரேம். இங்கே பதிவேட்டில் தெரியும் குழப்பம் வெறும் அறிகுறி. நோய் வேறிடத்தில் இருக்கிறது.

முதல் பிரச்சினைக்கு லினக்ஸ் உலகம் எப்போதோ ஒரு தீர்வு கண்டுவிட்டது. 1991-ல் லினக்ஸ் வெளியானபோது அது மினிக்ஸ் ஃபைல் சிஸ்டத்தைப் பயன்படுத்தியது. அதன் அதிகபட்ச அளவு 64 எம்பி, ஃபைல் பெயர் 14 எழுத்தைத் தாண்ட முடியாது. 1992-ல் ரெமி கார்ட் ‘எக்ஸ்ட்’டை உருவாக்கினார், 1993-ல் ‘எக்ஸ்ட்2’ வந்தது. அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் கம்ப்யூட்டர் சரியாக ஷட்-டவுன் ஆகாவிட்டால் மொத்த டிஸ்க்கையும் ஆதியோடந்தமாகச் சோதித்தாக வேண்டும். டிஸ்க் பெரிதாகப் பெரிதாக, அந்தச் சோதனைக்கு ஆகும் நேரமும் பெரிதானது.

ஸ்டீபன் ட்வீடி உருவாக்கிய ‘எக்ஸ்ட்3’ 2001-ல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தபோது ‘ஜர்னல்’ வந்தது. பதிவேட்டில் மாற்றம் செய்வதற்கு முன், ‘இதையெல்லாம் மாற்றப் போகிறேன்’ என்று ஒரு தனி நோட்டில் எழுதி வைப்பதுதான் ஜர்னல். நடுவில் கரண்ட் போனாலும், திரும்ப ஆன் ஆகும்போது அந்த நோட்டைப் பார்த்து விட்ட வேலையை முடித்துவிடலாம். சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். 2008 இறுதியில் நிலைப்பதிப்பாக வந்த ‘எக்ஸ்ட்4’ இதே வழியில் வந்ததுதான். உபுண்டு, டெபியன் இரண்டிலும் வழக்கமாகக் கிடைப்பது இதுவே. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸுடன் சேர்த்து ‘பாஸ் லினக்ஸ்’ கொடுத்தது பலருக்கு நினைவிருக்கும். சி-டாக் உருவாக்கிய அதுவும் டெபியன் குடும்பம்தான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. எக்ஸ்ட்4-ன் வழக்கமான செட்டிங்கில் ஜர்னல் பாதுகாப்பது பதிவேட்டை மட்டுமே. ஃபைலுக்குள் இருக்கும் தகவல் ஜர்னலில் எழுதப்படுவதில்லை.

எஃப்எஸ்சிகே ஓடும்போது உள்ளே என்ன நடக்கிறது?

எஃப்எஸ்சிகே என்பது உண்மையில் ஒரு வரவேற்பாளர் மாதிரி. எந்த வகை ஃபைல் சிஸ்டம் என்று பார்த்துவிட்டு, அதற்கான கருவியை அழைக்கும். எக்ஸ்ட் குடும்பத்துக்கு அந்தக் கருவி ‘இ2எஃப்எஸ்சிகே’. அதன் சோதனை ஐந்து கட்டங்களாக நடக்கும். திரையில் ‘பாஸ் 1’, ‘பாஸ் 2’ என்று வருவது இவைதான்.

முதல் கட்டத்தில் ஒவ்வொரு ஐநோடையும் எடுத்து, அது உரிமை கோரும் பிளாக்குகளும் அளவும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும். இரண்டாவதில் ஃபோல்டர்களுக்குள் இருக்கும் பதிவுகள் சரியா என்று பார்க்கும். மூன்றாவதில் ஒவ்வொரு ஃபோல்டரும் மேலே உள்ள மூல ஃபோல்டர் வரை இணைந்திருக்கிறதா என்று தேடும். நான்காவதில் ஒரு ஐநோடை எத்தனை பெயர்கள் சுட்டுகின்றன என்ற எண்ணிக்கையைச் சரிபார்க்கும். ஐந்தாவதில் காலி இடக் கணக்கை நிஜ நிலவரத்தோடு ஒப்பிடும்.

முதல் கட்டத்தில் ஒரே பிளாக்கை இரண்டு ஃபைல்கள் ‘என்னுடையது’ என்று சொல்வது தெரியவந்தால்? ஒரே சர்வே நம்பருக்கு இரண்டு பட்டா மாதிரி. நீங்கள் சம்மதித்தால், அந்த பிளாக்கை நகலெடுத்து ஆளுக்கொன்று கொடுத்துவிடும். பதிவேடு சுத்தமாகிவிட்டது. ஆனால் அந்த பிளாக்கில் இருந்த தகவல் நிஜத்தில் ஒருவருடையதுதானே? இன்னொரு ஃபைலுக்குள் இப்போது யாருடைய தகவலோ உட்கார்ந்திருக்கிறது. அது உங்கள் தங்கை கல்யாண போட்டோவா, ஏதோ ஒரு டெம்பரரி ஃபைலா என்பது இ2எஃப்எஸ்சிகே-வுக்குத் தெரியாது.

பெயரே இல்லாமல் அநாதையாக நிற்கும் ஐநோடுகளும் உண்டு. அவற்றை ‘லாஸ்ட்+ஃபவுண்ட்’ என்ற ஃபோல்டரில் கொண்டுபோய் வைக்கும். பெயர் தொலைந்துவிட்டதால், ஒரு ஹேஷ் குறியும் ஐநோடு நம்பருமே ஃபைலின் பெயராகிவிடும். ரிப்பேருக்குப் பிறகு ஃபைல் காணவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். ‘ஃபைல்’ என்ற கமாண்டை அவற்றின் மீது ஓட்டினால், அது போட்டோவா, பிடிஎஃப்-ஆ, வேறு எதுவுமா என்று சொல்லிவிடும்.

ஆக, எஃப்எஸ்சிகே-வின் லட்சியம் முரண்பாடில்லாத பதிவேடு. அதற்காகச் சில பதிவுகளை அது அழிக்கவும் செய்யும். ‘ஃபைல் சிஸ்டத்தைக் காப்பாற்றுவது’, ‘ஃபைல்களைக் காப்பாற்றுவது’ இரண்டும் ஒன்றல்ல.

முதலில் பார்க்க வேண்டியது டிஸ்க்கின் உடல்நிலை

டிஸ்க்கே சாகும் நிலையில் இருந்தால், எஃப்எஸ்சிகே ஓட்டுவது ஐசியூ நோயாளியை மாரத்தான் ஓடச் சொல்வது போல. டிஸ்க் முழுக்க அது தேடிப் படிக்கும், எழுதவும் செய்யும். படிக்க முடியாத இடத்தில் இருக்கும் பதிவைக் ‘கெட்டுப்போன பதிவு’ என்று முடிவுகட்டி நீக்கவும் வாய்ப்புண்டு. அதனால் முதலில் டிஸ்க்கின் உடல்நிலை. அதன் பிறகே பதிவேடு.

இதற்கு ‘ஸ்மார்ட்’ என்ற வசதி டிஸ்க்குக்குள்ளேயே இருக்கிறது. டெர்மினல் பிடிக்காதவர்கள் உபுண்டுவில் இருக்கும் ‘டிஸ்க்ஸ்’ ஆப்பைத் திறந்து, டிஸ்க்கைத் தேர்வு செய்து, மெனுவில் ஸ்மார்ட் டேட்டாவைப் பார்க்கலாம். டெர்மினல் வழி என்றால் ‘ஸ்மார்ட்மான்டூல்ஸ்’ பேக்கேஜை நிறுவி, ‘ஸ்மார்ட்சிடிஎல்’ கமாண்டை ஹைஃபன் ஏ-வுடன் ஓட்ட வேண்டும்.

ஹார்டு டிஸ்க்கில் மூன்று எண்கள் முக்கியம். ஒன்று, 5-வது வரிசை எண்ணில் வரும் ‘ரீஅலொகேட்டட் செக்டர்’: கெட்டுப்போனதால் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். அடுத்து, 197-ல் வரும் ‘கரன்ட் பெண்டிங் செக்டர்’: படிக்கத் திணறும் செக்டர்கள். மூன்றாவது, 198-ல் வரும் ‘ஆஃப்லைன் அன்கரெக்டபிள்’: படிக்கவே முடியாதவை. மூன்றும் பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. எண் ஏறிக்கொண்டே போனால் புது டிஸ்க் வாங்கும் நேரம் வந்துவிட்டது. என்விஎம்இ எஸ்எஸ்டி என்றால் ‘பெர்சென்டேஜ் யூஸ்டு’, ‘அவைலபிள் ஸ்பேர்’, ‘மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்’ ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும்.

இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்? கூகுள் பொறியாளர்கள் தங்கள் நிறுவனத்தின் 1 லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டிஸ்க் தன்னைத் தானே ஸ்கேன் செய்யும்போது முதல் பிழை தென்பட்டுவிட்டால், அடுத்த 60 நாளில் அது செயலிழக்கும் வாய்ப்பு, பிழையில்லாத டிஸ்க்கைவிட 39 மடங்கு அதிகம் என்பது அதில் தெரியவந்தது. மறுபக்கம், கிளவுட் ஸ்டோரேஜ் நிறுவனமான பேக்பிளேஸ் 2016-ல் சொன்ன கணக்கும் இருக்கிறது. அவர்கள் கவனித்த ஐந்து ஸ்மார்ட் எண்களில் எதிலும் எந்த எச்சரிக்கையும் காட்டாமலேயே செயலிழந்த டிஸ்க்குகள், மொத்தம் செயலிழந்தவற்றில் 23.3 சதவீதம்.

சுருக்கமாகச் சொன்னால், ஸ்மார்ட் எச்சரித்தால் நம்புங்கள். எச்சரிக்கவில்லை என்பதற்காக டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள்.

எண்கள் மோசமாக இருந்தால் எஃப்எஸ்சிகே-வை ஓட்டாதீர்கள். அதே அளவோ அதைவிடப் பெரிதோ ஆன வேறொரு டிஸ்க்கை இணைத்து, ‘ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ’ மூலம் முழு டிஸ்க்கையும் நகலெடுங்கள். அது எளிதாகப் படிக்க முடிகிற இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு, சிரமமான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். உபுண்டு, டெபியனில் இந்தப் பேக்கேஜின் பெயருக்கு முன்னால் ஒரு ‘ஜி’ கூடுதலாக இருக்கும். நகல் கிடைத்த பிறகு, ரிப்பேர் எதுவானாலும் நகலின் மீதுதான். மூல டிஸ்க்கைத் தொடவே கூடாது.

சரி, எப்படிச் செய்வது?

*1. மவுன்ட் ஆன டிஸ்க்கை ரிப்பேர் செய்யாதீர்கள்.* இதுதான் தங்க விதி. தாலுகா ஆபீஸில் பட்டா மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே இன்னொருவர் அதே பதிவேட்டைத் திருத்தினால் என்ன ஆகும்? இங்கேயும் அதேதான். லினக்ஸ் ஒரு பக்கம் எழுத, எஃப்எஸ்சிகே மறுபக்கம் எழுத, நன்றாக இருந்த ஃபைல் சிஸ்டமும் குலைந்துவிடும். மவுன்ட் ஆகியிருந்தால் இ2எஃப்எஸ்சிகே எச்சரிக்கும். அந்த எச்சரிக்கைக்கு ‘ஒய்’ அழுத்தாதீர்கள்.

*2. எந்தப் பார்ட்டிஷன் என்று உறுதி செய்யுங்கள்.* ‘எல்எஸ்பிஎல்கே’ கமாண்ட், ஹைஃபன் எஃப்-உடன் ஓட்டினால் எல்லா டிஸ்க்கும், பார்ட்டிஷனும், ஃபைல் சிஸ்டம் வகையும், எங்கே மவுன்ட் ஆகியிருக்கிறது என்பதும் தெரியும். சோதிக்க வேண்டியது பெரும்பாலும் ‘எஸ்டிஏ1’ போல நம்பரோடு வரும் பார்ட்டிஷனை. ‘எஸ்டிஏ’ என்ற மொத்த டிஸ்க்கை அல்ல. ஆபீஸ் லேப்டாப்பில் டிஸ்க் என்கிரிப்ஷன் இருந்தால், முதலில் பாஸ்வேர்டு கொடுத்துத் திறந்த பிறகு, உள்ளே இருக்கும் ஃபைல் சிஸ்டத்தைத்தான் சோதிக்க வேண்டும்.

*3. தனி டிஸ்க் என்றால் அன்மவுன்ட், சிஸ்டம் டிஸ்க் என்றால் லைவ் யுஎஸ்பி.* எக்ஸ்டர்னல் டிஸ்க்கை அன்மவுன்ட் செய்தாலே போதும். டெர்மினலில் செய்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம்: கமாண்டில் ‘யு’வுக்கு அடுத்து நேரடியாக ‘மவுன்ட்’தான். நடுவில் ‘என்’ கிடையாது. லினக்ஸே இருக்கும் பார்ட்டிஷன் என்றால் லைவ் யுஎஸ்பியில் பூட் செய்வதே பாதுகாப்பு. டிஸ்க்கின் உடல்நிலையையும் அங்கிருந்தே பார்த்துவிடலாம்.

*4. முதலில் பார்க்க மட்டும் செய்யுங்கள்.* இ2எஃப்எஸ்சிகே-வுக்கு ஹைஃபன் எஃப், ஹைஃபன் என் இரண்டும் கொடுங்கள். ‘எஃப்’ என்றால் கட்டாயச் சோதனை. அது இல்லாவிட்டால், ‘க்ளீன்’ என்று குறிக்கப்பட்ட ஃபைல் சிஸ்டத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஒரே வரியில் முடித்துவிடும். ‘என்’ என்றால் எல்லாக் கேள்விக்கும் ‘நோ’. டிஸ்க்கில் எதுவும் மாறாது. இரண்டு மூன்று சின்னக் குழப்பங்கள்தான் என்றால் கவலை இல்லை. திரை நிறைய நூற்றுக்கணக்கில் பிழைகள் ஓடினால் அங்கேயே நிறுத்திவிட்டு, நகல் எடுக்கும் வழியைப் பாருங்கள்.

*5. பிறகு ரிப்பேர்.* ஹைஃபன் பி கொடுத்தால், பாதுகாப்பாகச் சரிசெய்யக்கூடியதை மட்டும் தானாகச் சரிசெய்யும். மனிதர் முடிவெடுக்க வேண்டிய சிக்கல் வந்தால் நின்றுவிடும். ஹைஃபன் ஒய் என்றால் எதுவாக இருந்தாலும் ‘எஸ்’தான். பேக்கப் கையில் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். இல்லையென்றால், சிறிய ‘இசட்’ ஆப்ஷனைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றப்படும் ஒவ்வொரு பிளாக்கின் பழைய நிலையையும் அது ஒரு தனி ஃபைலில் எழுதி வைக்கும். ரிப்பேர் சொதப்பினால் ‘இ2அன்டூ’ மூலம் பழைய நிலைக்குத் திரும்பலாம். அந்த ஃபைல் வேறொரு டிஸ்க்கில் இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

*6. இன்னொரு முறை ஓட்டுங்கள்.* ரிப்பேர் முடிந்ததும் மறுபடி ஹைஃபன் எஃப், ஹைஃபன் என். இப்போது பிழை எதுவும் வரக் கூடாது. புதுசு புதுசாகப் பிழை வந்தால் பிரச்சினை டிஸ்க்கிலோ, கேபிளிலோ, ரேமிலோ இருக்கிறது. திரும்பத் திரும்ப ரிப்பேர் செய்வதில் பயன் இல்லை.

லைவ் யுஎஸ்பி இல்லாமல், நன்றாக ஓடும் சிஸ்டத்தை ஒருமுறை முழுசாகச் சோதிக்க வேண்டுமா? பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் ‘இ’ அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ‘எஃப்எஸ்சிகே.மோட்=ஃபோர்ஸ்’ என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். அந்த ஒரு முறைக்கு மட்டும் கட்டாயச் சோதனை நடக்கும்.

சூப்பர்பிளாக்கே போய்விட்டால்?

‘சூப்பர்பிளாக் சரியில்லை’ என்ற செய்தியைப் பார்த்ததும் பலர் நம்பிக்கை இழந்து ஃபார்மேட் செய்துவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். எக்ஸ்ட்4 தன் சூப்பர்பிளாக்கின் நகல்களை டிஸ்க்கில் ஆங்காங்கே வைத்திருக்கும். பிளாக்கின் அளவு 4 கேபி என்றால் (பொதுவாக அதுதான்), முதல் நகல் 32768-வது பிளாக்கில் இருக்கும். இ2எஃப்எஸ்சிகே-வுக்கு ஹைஃபன் பி கொடுத்து அந்த எண்ணைச் சொன்னால், நகலைப் பயன்படுத்தி வேலையைத் தொடங்கும். ரிப்பேர் ஆப்ஷனும் நகல் ஆப்ஷனும் உச்சரிப்பில் ஒன்று போல இருந்தாலும், ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்துகள். ‘பிரீன்’ என்பதன் முதல் எழுத்து ரிப்பேருக்கு, ‘பிளாக்’ என்பதன் முதல் எழுத்து நகலுக்கு.

எக்ஸ்ட்4 இல்லையென்றால் விதிகளும் வேறு

மொபைலில் தேடிக் கிடைத்த கமாண்ட் பல நேரம் சொதப்புவது இங்கேதான். ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 2014-ல் வந்த 7-வது பதிப்பிலிருந்து எக்ஸ்எஃப்எஸ்ஸைத்தான் வழக்கமாகத் தருகிறது. எக்ஸ்எஃப்எஸ் மீது எஃப்எஸ்சிகே-வை ஓட்டினால் எதுவுமே நடக்காது. ஒன்றும் செய்யாமல் ‘எல்லாம் சரி’ என்று திரும்பும்படியே அது எழுதப்பட்டிருக்கிறது. அதற்கான கருவி ‘எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேர்’. அதிலும் ஹைஃபன் என் கொடுத்தால் பார்க்க மட்டும் செய்யும். பெரிய ‘எல்’ ஆப்ஷன் மட்டும் கடைசி ஆயுதம். அது ஜர்னலையே துடைத்துவிடும். அதில் முடிக்கப்படாமல் இருந்த மாற்றங்களும் சேர்ந்தே போகும்.

ஃபெடோரா வொர்க்ஸ்டேஷன் 2020-ல் வந்த 33-வது பதிப்பிலிருந்து பிடிஆர்எஃப்எஸ்ஸுக்கு மாறியது. இதில் சோதிக்க வழக்கமான வழி ‘ஸ்க்ரப்’. மவுன்ட் ஆகியிருக்கும்போதே ஓட்டலாம். ஒவ்வொரு பிளாக்கின் செக்சம்மையும் ஒப்பிட்டு, ஃபைலுக்குள் இருக்கும் தகவல் கெட்டிருந்தால்கூடக் கண்டுபிடித்துவிடும். எக்ஸ்ட்4-ல் இது கிடையாது. ஆனால் இன்னொரு நல்ல நகல் இருந்தால்தான் அதனால் சரிசெய்ய முடியும். ஒரே டிஸ்க்கில் ஒரே நகல் என்றால், ‘கெட்டுவிட்டது’ என்று சொல்வதோடு சரி. ‘செக்’ கமாண்டின் ‘ரிப்பேர்’ ஆப்ஷனை, விவரம் தெரிந்தவர்களைக் கேட்காமல் பயன்படுத்த வேண்டாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது.

விண்டோஸோடு பகிரும் என்டிஎஃப்எஸ் டிஸ்க் என்றால், லினக்ஸின் ‘என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ்’ சில அடிப்படைச் சிக்கல்களை மட்டும் சரிசெய்து, விண்டோஸ் அடுத்து பூட் ஆகும்போது சோதிக்கும்படி குறித்து வைக்கும். முழு ரிப்பேருக்கு விண்டோஸின் ‘செக்டிஸ்க்’தான் சரி.

எத்தனை நாளுக்கு ஒருமுறை?

முன்பெல்லாம் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மவுன்ட் ஆனாலோ, 180 நாள் கடந்தாலோ பூட் ஆகும்போது எஃப்எஸ்சிகே தானாக ஓடும். அவசரமாக மீட்டிங்குக்கு லேப்டாப்பைத் திறந்தால் அது ஆற அமர சோதித்துக்கொண்டிருக்கும். 2011-ல் வந்த ‘இ2எஃப்எஸ்ப்ராக்ஸ்’ 1.42 பதிப்பிலிருந்து, புதிதாக உருவாக்கும் ஃபைல் சிஸ்டங்களில் இந்தத் தானியங்கிச் சோதனை ஆஃப் செய்யப்பட்டே வருகிறது. அதாவது, நீங்களாகச் சொல்லாவிட்டால் முழுச் சோதனை பல வருடம் நடக்காமலே போகலாம்.

‘டியூன்2எஃப்எஸ்’ கமாண்டை ஹைஃபன் எல்-உடன் ஓட்டினால், கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்ற தேதி தெரியும். அதே கமாண்டில் ஹைஃபன் சி கொடுத்து 30 என்று சொன்னால், 30 மவுன்ட்டுக்கு ஒருமுறை சோதனை நடக்கும். இதற்கு ‘எஃப்எஸ்டேப்’ ஃபைலில் அந்தப் பார்ட்டிஷனின் ஆறாவது எண் பூஜ்யமாக இருக்கக் கூடாது. சிஸ்டம் பார்ட்டிஷனுக்கு 1, மற்றவற்றுக்கு 2.

கூடவே சில எளிய பழக்கங்கள். ‘டிஎஃப்’ கமாண்டில் ஹைஃபன் ஹெச் கொடுத்து மீதி இடத்தைப் பாருங்கள். இடம் இருந்தும் ‘டிஸ்க் ஃபுல்’ என்று வந்தால் ஹைஃபன் ஐ கொடுத்துப் பாருங்கள். கோடிக்கணக்கில் குட்டிக் குட்டி ஃபைல்கள் சேர்ந்து ஐநோடு தீர்ந்திருக்கலாம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த சிஸ்டம் திடீரென ‘ரீட்-ஒன்லி’ என்று எதையும் சேவ் செய்ய மறுத்தால், கெர்னல் பிழையைக் கண்டு தற்காப்புக்காகக் கதவைச் சாத்தியிருக்கிறது என்று அர்த்தம். கட்டாயமாகத் திறக்க முயலாமல், முக்கியமான ஃபைல்களை உடனே வெளியே காப்பி எடுங்கள்.

‘காப்பி இருக்கு’ என்பது போதுமா?

2013 மார்ச் 22. கேடிஇ என்ற புகழ்பெற்ற லினக்ஸ் டெஸ்க்டாப் திட்டத்தின் சர்வர், செக்யூரிட்டி அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் செய்யப்பட்டது. திரும்ப வந்தபோது, அதில் இருந்த கிட் சர்வரின் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் கெட்டுப்போயிருந்தது. உள்ளே இருந்தவை சுமார் 1,500 கோட் ரெப்பாசிட்டரிகள். பல வருட உழைப்பு.

‘பரவாயில்லை, உலகம் முழுக்க மிரர் சர்வர்கள் இருக்கின்றனவே’ என்றுதான் யாருக்கும் தோன்றும். அங்கேதான் சிக்கல். மிரரின் வேலை, மூல சர்வரில் இருப்பதை அப்படியே பிரதிபலிப்பது. மூலத்தில் ரெப்பாசிட்டரிகளின் பட்டியல் சிதைந்தபோது, மிரர்களும் அதை நம்பி தங்களிடம் இருந்தவற்றையும் விட்டுவிட்டன. புதிதாக அமைக்கப்பட்டிருந்த ஒரே ஒரு சர்வரில் மட்டும் நல்ல நகல் தப்பித்திருந்தது. அதிலிருந்துதான் மொத்தமும் மீட்கப்பட்டது. அதைக் காப்பாற்றியது திட்டமிடல் அல்ல, அதிர்ஷ்டம் என்பதை அந்தக் குழுவினரே வெளிப்படையாகச் சொன்னார்கள். அதன் பிறகு தங்கள் பேக்கப் முறையையே மாற்றினார்கள்.

உலகத்தரமான புரோகிராமர்களுக்கே இந்த நிலைமை என்றால், ஒரே எக்ஸ்டர்னல் டிஸ்க்கை நம்பியிருப்பவர்கள் யோசிக்க வேண்டும். தானாக சிங்க் ஆகும் கிளவுட் ஃபோல்டரும் ஒருவகை மிரர்தான். இங்கே கெட்டால் கெட்டுப்போனதும், இங்கே அழித்தால் அழித்ததும் அங்கே போய்விடும். ரெய்டும் அப்படியே. போன வாரம் எப்படி இருந்தது என்று திரும்பிப் பார்க்க முடிகிற, எப்போதும் இணைக்கப்படாமல் தனியாக இருக்கிற நகலைத்தான் பேக்கப் என்று சொல்ல முடியும். அதையும் அவ்வப்போது திறந்து, ஒரு ஃபைலையாவது மீட்டுப் பார்த்தால்தான் நம்பலாம்.

அந்த நகல் கையில் இருந்தால், கறுப்புத் திரையில் கர்சர் மின்னும்போது கை நடுங்காது. ‘ஒய்’ அழுத்துவது வெறும் நேரச் செலவு, அவ்வளவுதான். இல்லையென்றால் ஒவ்வொரு ‘ஒய்’யும் ஒரு சூதாட்டம். இந்த வார இறுதியில் ஒரு அரைமணி நேரம் ஒதுக்கி, முதலில் பேக்கப், அடுத்து ஸ்மார்ட், கடைசியாக எஃப்எஸ்சிகே என்று இந்த வரிசையில் ஒருமுறை செய்து பாருங்கள். வரிசை மட்டும் மாற வேண்டாம்.